பிளாக் பிரின்சஸ் ஆட்டங்களைப் பார்ப்பது எப்படி?

கானாவின் 20 வயதுக்குட்பட்ட பெண்கள் கால்பந்து அணியான பிளாக் பிரின்சஸைப் பற்றி யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது இதுதான்: ஒரு நோட்டு எடுங்கள், சட்டை எண், பெயர், கிளப் மூன்றையும் எழுதுங்கள். ஸ்கோர் அப்புறம். இன்று எழுதும் பெயர்களில் சில நாளை சீனியர் அணியான பிளாக் குயின்ஸில் வரும். அதற்கும் முன்பே பெயர் எடுத்தவர்களும் உண்டு: முகரமா அப்துலாயையே பாருங்கள். 2018 உருகுவே உலகக் கோப்பையில் 17 வயதுக்குட்பட்ட அணிக்காக 7 கோல் அடித்து, அதிகக் கோல் அடித்தவருக்கான தங்கக் காலணி வாங்கியவர்.

அடுத்து, எந்தப் போட்டி என்று தெரிந்துகொள்ளுங்கள். மேற்கு ஆப்பிரிக்கக் கால்பந்து ஒன்றியத்தில் ஏ, பி என இரண்டு மண்டலங்கள். கானா பி மண்டலம். நைஜீரியா, ஐவரி கோஸ்ட், பெனின், டோகோ, பர்கினா ஃபாசோ, நைஜர் ஆகியவையும் அதில்தான். இவை தங்களுக்குள் ஆடுவதுதான் மண்டலக் கோப்பை. உலகக் கோப்பைத் தகுதிச்சுற்று வேறு. அதைத் தனிப் பக்கத்தில் குறியுங்கள்.

2023 குமாசி, 2024 கேப் கோஸ்ட் இறுதி ஆட்டங்களின் பதிவு கிடைத்தால் அங்கிருந்து தொடங்குங்கள். இரண்டிலும் நைஜீரியாதான் எதிரி, இரண்டிலும் கானா வென்றது. முதலாவது மண்டலக் கோப்பை. இரண்டாவது ஆப்பிரிக்க விளையாட்டுப் போட்டி: கூடுதல் நேரத்தில் 2-1, தங்கம்.

பார்க்கும்போது பந்தின் பின்னாலேயே கண்ணை ஓட விடாதீர்கள். இடது பின்கள வீராங்கனை முன்னேறும்போது அவர் விட்டுப்போன இடத்துக்கு யார் வருகிறார்? நடுக்கள வீராங்கனை இறங்கி அடைக்கிறாரா, இல்லை மையத் தடுப்பாளர் நகர்ந்து நடுவைத் திறந்துவிடுகிறாரா? முதல் அரை மணி நேரத்தில் ஒருமுறை, 70-ஆவது நிமிடத்துக்குப் பிறகு ஒருமுறை இதைக் குறித்து ஒப்பிடுங்கள். களைத்த கால்களோடும் அந்த இடம் அடைபட்டால் அணி தேறிவிட்டது என்பேன். 2010 முதல் 2024 வரை ஏழு உலகக் கோப்பைகளுக்குப் போயும் குழுச்சுற்றைத் தாண்டாத அணி இது. திறமைக் குறைவு என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். கடுமையான ஆட்டங்கள் அடுத்தடுத்துக் கிடைக்க வேண்டும், அதற்காகவே இந்த மண்டலப் போட்டி எனக்கு அவ்வளவு முக்கியம்.

போட்டி முடிந்ததும் நோட்டை மூடிவிடாதீர்கள். கானா பெண்கள் பிரீமியர் லீக் வடக்கு, தெற்கு என்று பிரிந்து நடக்கும். செகோண்டியின் ஹசாகாஸ் லேடீஸ், டெச்சிமானின் ஆம்பெம் டார்கோவா லேடீஸ் இரண்டையும் முதலில் தொடருங்கள். பெயர்களைச் சரிபார்க்க அங்கே வசதி.