மீன்கண் லென்ஸ்: வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

குளத்தில் முங்கி அண்ணாந்து பார்த்திருக்கிறீர்களா? தலைக்கு மேல் ஒரு வட்டம் தெரியும். கரை மரம், படித்துறை, வானம் எல்லாம் அதற்குள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். வெளியே 180 பாகையில் இருப்பதெல்லாம் ஒளிவிலகலால் சுமார் 97 பாகைக் கூம்புக்குள் சுருங்கிவிடுவதுதான் காரணம். அமெரிக்க இயற்பியலாளர் ராபர்ட் வுட், மீனுக்கு உலகம் இப்படித்தான் தெரியும் என்று காட்ட, தண்ணீர் நிரப்பிய வாளிக்குள் ஃபோட்டோ தகடு வைத்துப் படமெடுத்தார். அது 1906-இல். இப்படி 180 பாகையை ஒரே படத்தில் அடக்கும் லென்ஸுக்கு மீன்கண் என்ற பெயர் அங்கிருந்து வந்தது.

படி 1: வைட் ஆங்கிளிலிருந்து பிரித்தறியுங்கள்

அகன்ற காட்சியைப் பிடிக்கும் சாதாரண வைட் ஆங்கிள் லென்ஸ் நேர்கோட்டை நேர்கோடாகவே காட்டும். அதனால் கோணம் கூடக்கூட ஓரங்கள் இழுபடும். 180 பாகையை அப்படிக் காட்ட முடியாது. ஓரம் முடிவிலிக்குப் போய்விடும். மீன்கண் லென்ஸ் கோடுகளை வளையவிட்டு, அதற்கு ஈடாக 180 பாகையை வாங்கிக்கொள்கிறது. வளைவு அதன் கோளாறு அல்ல, வேலை செய்யும் விதம்.

படி 2: வட்டமா, முழுச் சட்டமா?

ஒரு வகை, கறுப்புப் பின்னணியில் வட்டமாகப் படம் தரும். இன்னொன்று படத்தின் சட்டம் (ஃபிரேம்) முழுவதையும் நிரப்பும். அதில் 180 பாகை என்பது மூலைக்கு மூலை அளந்தால்தான், அகலவாக்கில் அதைவிடக் குறைவு. முதல் லென்ஸுக்கு இரண்டாவது வகையே போதும் என்பேன். வட்டப் படம் பத்து எடுத்ததும் அலுத்துவிடும்.

படி 3: சென்சாருக்குப் பொருத்துங்கள்

பணம் வீணாவது பெரும்பாலும் இங்கேதான். சென்சார் என்பது கேமராவுக்குள் படம் பதியும் சில்லு. ஃபுல் ஃபிரேம், ஏபிஎஸ்-சி, மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் என்பவை, பெரியதிலிருந்து சிறியதாக, அதன் அளவுகளின் பெயர்கள். மி.மீ. எண் லென்ஸின் குவியத் தூரம். சட்டத்தை நிரப்ப, ஃபுல் ஃபிரேம் கேமராவுக்கு 15 அல்லது 16 மி.மீ., ஏபிஎஸ்-சிக்கு 10 மி.மீ. அல்லது வடிவமைப்பைப் பொறுத்து 7.5, 8 மி.மீ., மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸுக்கு 7.5 அல்லது 8. அதாவது 8 என்ற எண்ணை மட்டும் வைத்து எதையும் சொல்ல முடியாது. ஃபுல் ஃபிரேமுக்கான 8 மி.மீ. லென்ஸ் வட்டம் தரும். ஏபிஎஸ்-சிக்கான 8 மி.மீ. அதன் சட்டத்தை நிரப்பும். நண்பரின் ஏபிஎஸ்-சி லென்ஸை என் ஃபுல் ஃபிரேம் கேமராவில் மாட்டிப் பார்த்தேன். இடமும் வலமும் கறுப்பு, நடுவில் மேலும் கீழும் வெட்டுப்பட்ட வட்டம், ஓரத்தில், லென்ஸின் முன் விளிம்பில் நீட்டிக்கொண்டிருக்கும் ஹூடின் இதழ்கள் வேறு! எனவே மி.மீ. எண்ணோடு, எந்த சென்சாருக்கு, எத்தனை பாகை என்பதையும் பாருங்கள்.

கேனான் 8-15 மி.மீ. ஜூம் ஃபுல் ஃபிரேமில் வட்டம், முழுச் சட்டம் இரண்டையும் தரும். நல்ல லென்ஸ்தான், ஆனால் விலை பழகுகிறவருக்கானது அல்ல. முதலில் ஒரு வார இறுதிக்கு வாடகைக்கு எடுத்துப் பாருங்கள்.

படி 4: மேனுவல் ஃபோக்கஸுக்குப் பயப்படாதீர்கள்

செவன் ஆர்ட்டிசன்ஸ், சம்யாங் போன்ற நிறுவனங்களின் மலிவான லென்ஸ்கள் பலவற்றில் ஆட்டோ ஃபோக்கஸ் இருக்காது, வளையத்தைக் கையால் திருப்பித்தான் ஃபோக்கஸ் செய்ய வேண்டும். இங்கே அது பெரிய குறையில்லை. ஏபிஎஸ்-சியில் 7.5 மி.மீ. லென்ஸின் ஒளித்துளையை எஃப் 8-இல் வைத்து, 35 செ.மீ. தூரத்துக்கு ஃபோக்கஸ் செய்தால், சுமார் 18 செ.மீ.யிலிருந்து கண்ணுக்கெட்டும் தூரம் வரை தெளிவாக விழும். அப்புறம் வளையத்தைத் தொடவே வேண்டாம். மிர்ரர்லெஸ் கேமரா, அதாவது உள்ளே ஆடி இல்லாத கேமரா, இந்த லென்ஸை அடையாளம் காணாமல் ஷட்டரை அமுக்க விடாமல் இருக்கலாம். அப்படியானால் மெனுவில் ‘லென்ஸ் இல்லாமலும் படமெடு’ என்ற பொருள்படும் அமைப்பை ஆன் செய்யுங்கள்.

படி 5: எடுத்துப் பழகுங்கள்

கடற்கரைக்குப் போய் மூன்று படம் எடுங்கள். தொடுவானம் சட்டத்தின் மேல் பகுதியில் இருந்தால் குடை போல வளையும், கீழே இருந்தால் கிண்ணம் போலத் தொங்கும், சரியாக நடுவில் இருந்தால் நேராக நிற்கும். மையத்தின் வழியாகப் போகும் எந்தக் கோடும் வளையாது. இதைப் பிடித்துவிட்டால், எது வளைய வேண்டும் என்று நீங்களே முடிவு செய்யலாம்.

அடுத்து, நெருங்குங்கள். மற்ற லென்ஸில் ஒரு மீட்டரில் நிற்பவர் இதில் ஒரு முழத்துக்குள் வர வேண்டும். தள்ளி நின்றால் எல்லாமே கடுகாகிவிடும். முகத்தை மட்டும் ஓரத்தில் வைக்காதீர்கள், படத்தில் இருப்பவர் கோபித்துக்கொள்வார்.

அண்ணாந்தும் எடுங்கள். மதுரை திருமலை நாயக்கர் மகாலில் சொர்க்க விலாச மண்டபத்தின் குவிமாடத்துக்கு நேர் கீழே நின்று கேமராவை மேல்நோக்கிப் பிடித்தால், சுற்றியுள்ள தூண்களெல்லாம் நடுவை நோக்கிச் சாயும். முன்பக்கம் எடுக்கும்போது உங்கள் செருப்பு, நிழல், லென்ஸைத் தாங்கும் விரல் ஆகியவை படத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். என் ஆரம்பகாலப் படங்களில் பாதியில் என் கட்டைவிரல் இருக்கிறது.

படி 6: கண்ணாடியைக் காப்பாற்றுங்கள்

முன் கண்ணாடி பிதுங்கியிருப்பதால் பெரும்பாலும் திருகும் ஃபில்டர் மாட்ட முடியாது. மேசையில் குப்புற வைத்தால் கீறல் நிச்சயம். எடுத்து முடித்ததும் மூடியைப் போடுங்கள். மூடியைச் சட்டைப் பையில் வைக்காமல் கேமரா பையில் ஒரே இடத்தில் வையுங்கள். தொலைந்தால் அதே அளவில் வேறு கிடைப்பது கஷ்டம்.