பிஸ்டன் வாங்குவதற்கு முன் போட வேண்டிய அமுக்க விகிதக் கணக்கு

எஞ்சின் ஒன்றைப் பழுதுபார்க்கும்போது நமது கராஜ்களில் வழக்கமாக நடப்பது, புளொக்கை லேத்துக்கு அனுப்பிப் போர் அடித்துவிட்டு (சிலிண்டர்த் துளையைக் கடைந்து பெரிதாக்கிவிட்டு), அந்த அளவுக்குக் கடையில் கிடைக்கும் ஓவர்சைஸ் பிஸ்டனை வாங்கிப் போடுவதாகும். சாதாரண ஓட்டத்துக்கு அது போதும். கூடுதல் வலுவுக்காக எஞ்சின் கட்டுகிறவர் இந்த ஒழுங்கைத் தலைகீழாக மாற்ற வேண்டும். எந்த அமுக்க விகிதம் (காற்றும் பெற்றோலும் கலந்த கலவை சிலிண்டருக்குள் எத்தனை மடங்கு அமுக்கப்படுகிறது என்ற எண்) வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்து, ஹெட்டின் எரிப்பறையை அளந்து, அதற்கேற்ற பிஸ்டனைத் தெரிந்தெடுத்து, அந்தப் பிஸ்டன் கைக்கு வந்த பின்னரே போர் அடிக்கக் கொடுக்க வேண்டும்.

விகிதத்தைத் தீர்மானிப்பவை பெற்றோலும் வெப்பமும் வால்வ்களைத் திறந்து மூடும் கேம் சாஃப்டும் ஆகும். இலங்கையில் நிரப்பு நிலையங்களில் பரவலாகக் கிடைப்பவை 92, 95 ஒக்டேன் பெற்றோல்கள். மட்டக்களப்பும் அம்பாறையின் கரையோரமும் கடல்மட்டத்தில் இருப்பதால் ஒவ்வொரு உறிஞ்சலிலும் சிலிண்டருக்குள் முழு அடர்த்தியுள்ள காற்றுப் புகுகிறது. கச்சான் வீசும் மாதங்களில் அந்தக் காற்று சூடாகவும் இருக்கிறது. ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவின் குளிர்ந்த, அடர்த்தி குறைந்த காற்றில் நொக்கிங் (கலவை கட்டுப்பாடின்றித் தானாக வெடித்து எஞ்சின் தட்டுவது; விகிதம் கூடக்கூட இது எளிதில் வரும்) இல்லாமல் ஓடும் எஞ்சின், செங்கலடியில் தொடங்கிப் பதுளை நோக்கிப் போகும் ஏ5 வீதியில் நண்பகல் வெயிலில் நாலு பேரை ஏற்றிக்கொண்டு ஏற்றம் ஏறும்போது தட்டத் தொடங்கலாம். ஆகவே டேர்போ இல்லாத, சிலிண்டருக்கு நான்கு வால்வ் உள்ள, அலுமினிய ஹெட் கொண்ட எஞ்சினுக்கு 92 ஒக்டேன் என்றால் 9.5 அளவிலும், 95 ஒக்டேன் என்றால் 10 அளவிலும் நிற்பதே நமது இடத்துக்குப் பொருத்தம் என்பது என் கருத்து. இன்லெட் வால்வை வெகுநேரம் திறந்து வைத்திருக்கும் கேம் சாஃப்ட் போடுகிறவர்கள் இதைவிடச் சற்று மேலே போகலாம். ஏனென்றால் வால்வ் பிந்தி மூடும்போது உள்ளே வந்த கலவையில் ஒரு பங்கு திரும்பி வெளியே போய்விடுகிறது. கேம் எது என்று தெரியாமல் விகிதத்தை முடிவு செய்ய முடியாது என்பதும் இதனால்தான். 9.5இலிருந்து 10.5க்கு உயர்த்தினால் ஏட்டுக் கணக்கின்படி கிடைக்கும் திறன் அதிகரிப்பு 3 சதவீதத்துக்கும் குறைவு. அதற்காகப் பிஸ்டனின் மேல்முகமான முடியை உருக்கிக்கொள்வது அறிவான செயல் அல்ல.

அமுக்க விகிதம் என்பது, பிஸ்டன் கீழ் எல்லையில் நிற்கும்போது அதன் மேலே உள்ள முழுக் கொள்ளளவை, அது மேல் எல்லையில் நிற்கும்போது எஞ்சும் கொள்ளளவால் வகுத்து வரும் எண். எஞ்சும் கொள்ளளவில் ஐந்து பகுதிகள் உண்டு: ஹெட்டின் எரிப்பறை, ஹெட்டுக்கும் புளொக்குக்கும் இடையில் வைக்கும் கேஸ்கட்டின் தடிப்பு, புளொக் முகத்துக்குக் கீழே பிஸ்டன் நிற்கும் இடைவெளி, பிஸ்டன் முடியின் குழி, முதல் ரிங்குக்கு மேலே பிஸ்டனைச் சுற்றியுள்ள ஒடுங்கிய இடம். பிஸ்டன் பெட்டியில் அச்சிட்டிருக்கும் விகிதம், தயாரிப்பாளர் தாமாக எடுத்துக்கொண்ட ஹெட் அளவுக்கும் கேஸ்கட் அளவுக்கும் மட்டுமே உரியது. முன்பு ஒரு முறை முகம் சீவப்பட்ட ஹெட்டுக்கு அந்த எண் பொருந்தாது. அளந்தே ஆக வேண்டும்.

எரிப்பறையை அளப்பதற்கு உயர்தர இரசாயனவியல் ஆய்வுகூடங்களில் பயன்படும் 50 மில்லிலீற்றர் பியூரெட் ஒன்று போதும். ஹெட்டில் வால்வ்களைப் பூட்டி, ஓட்டத்துக்குப் போடப்போகும் அதே பிளக்கையும் முறுக்கி, ஹெட்டைக் கவிழ்த்துச் சற்றுச் சாய்வாக வைக்க வேண்டும். எரிப்பறையின் விளிம்பைச் சுற்றி மெல்லிய கிறீஸ் பூசி, சிறு துளை இட்ட தெளிந்த பிளாஸ்டிக் தகட்டை, துளை உயர்ந்த பக்கத்தில் வரும்படி அழுத்தி ஒட்ட வேண்டும். பிறகு நிறம் கலந்த மண்ணெண்ணெயை பியூரெட்டிலிருந்து துளை வழியாக மெதுவாக இறக்க, கடைசிக் காற்றுக்குமிழி துளையை நோக்கி நகர்ந்து வந்து மறையும். அந்தக் கணத்தில் குழாயை மூடி, திரவ மேற்பரப்பின் வளைவுக்கு அடிப்பக்கத்தைக் கண்மட்டத்தில் வைத்து வாசிக்க வேண்டும். வால்வ் அமரும் இடத்தில் எண்ணெய் கசிந்தால் வாசிப்புப் பிழைக்கும். அது வால்வ் அரைப்பு சரியில்லை என்பதையும் காட்டிவிடும். நான்கு அறைகளையும் அளந்து, இடையே அரை சீசீக்கு (ஒரு சீசீ என்பது ஒரு மில்லிலீற்றர்) மேல் வேறுபாடு இருந்தால் சிறிய அறையைச் சிறிதளவு குடைந்து சமப்படுத்துவது நல்லது.

பிஸ்டன் முடியின் குழியையும் இதே முறையில் அறியலாம். பிஸ்டனைப் போரினுள் புளொக் முகத்திலிருந்து சரியாக 10 மில்லிமீற்றர் கீழே நிறுத்தி, ஓரத்தை கிறீஸால் அடைத்து, தகட்டை ஒட்டி எண்ணெய் நிரப்ப வேண்டும். 81.5 மில்லிமீற்றர் போரில் முடி தட்டையாக இருந்தால் 52.2 சீசீ பிடிக்க வேண்டும். 55.2 பிடித்தால் குழி 3 சீசீ என்று பொருள், 52.2இலும் குறைவாகப் பிடித்தால் முடி மேலே புடைத்திருக்கிறது, அந்த வித்தியாசத்தைக் கணக்கில் கழிக்க வேண்டும். மேல் எல்லையில் பிஸ்டன் எவ்வளவு தாழ்ந்து நிற்கிறது என்பதை டயல் கேஜால் அளக்கும்போது, பிஸ்டனை அதன் கீழுள்ள தண்டான ரொட்டுடன் இணைக்கும் பின்னுக்கு நேர் மேலே அளக்க வேண்டும். மற்ற ஓரங்களில் பிஸ்டன் ஆடுவதால் அளவு மாறும்.

இனி எண்களைப் போட்டுப் பார்ப்போம். பழைய கொரோலாக்களில் வந்த டொயோட்டா 4ஏ வகை எஞ்சினின் போர் 81, ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 77 மில்லிமீற்றர். மொத்தம் 1,587 சீசீ. அரை மில்லிமீற்றர் ஓவர்சைஸ் என்றால் போர் 81.5 ஆகும். போரைச் சென்ரிமீற்றரில் வர்க்கித்து, 0.7854ஆல் பெருக்கி, ஸ்ட்ரோக்கால் பெருக்கினால் ஒரு சிலிண்டருக்கு 401.7 சீசீ வரும். எரிப்பறை 36 சீசீ என்றும், அமுங்கிய பின் 1.2 மில்லிமீற்றர் தடிப்பும் 82.5 துளையும் உள்ள கேஸ்கட் என்றும் வைத்துக்கொண்டால், கேஸ்கட்டுக்கு 6.4 சீசீ. பிஸ்டன் 0.3 மில்லிமீற்றர் தாழ்ந்து நிற்பதற்கு 1.6, முடியின் குழிக்கு 3, ரிங்குக்கு மேலுள்ள ஒடுங்கிய இடத்துக்கு 0.5. கூட்டினால் 47.5 சீசீ. 401.7ஐ 47.5ஆல் வகுத்து ஒன்றைக் கூட்ட, விகிதம் 9.46.

இதை 10க்குக் கொண்டுவர எஞ்சும் கொள்ளளவு எவ்வளவாக இருக்க வேண்டும் என்பதை அறிய, 401.7ஐ 9ஆல் வகுத்தால் 44.6 வரும், ஏறத்தாழ 3 சீசீ குறைக்க வேண்டும். பலர் உடனே ஹெட்டைச் சீவக் கொடுப்பார்கள். நான் முதலில் புளொக் முகத்தை 0.3 மில்லிமீற்றர் சீவி, 1 மில்லிமீற்றர் கேஸ்கட்டைப் போடச் சொல்வேன். எஞ்சும் இடம் 44.9 சீசீயாகி விகிதம் 9.95 ஆகும். அதைவிடப் பெரிய நன்மை, பிஸ்டனின் தட்டை ஓரத்துக்கும் ஹெட்டுக்கும் இடையிலான தூரம் 1.5இலிருந்து 1 மில்லிமீற்றராகக் குறைவது. பிஸ்டன் மேலே வரும்போது அந்த ஒடுக்கத்திலிருந்து கலவை பிதுங்கி நடுவுக்குப் பாய்ந்து வேகமாக எரிவதால், விகிதம் கூடியும் நொக்கிங் கூடாமல் இருக்க அது உதவுகிறது. ஆனால் உருக்கு ரொட் உள்ள எஞ்சினில் இந்தத் தூரத்தை 0.9க்குக் கீழே கொண்டுபோக வேண்டாம். உயர் சுழற்சியில் ரொட் நீளும், பிஸ்டன் ஆடும்.

இப்போதுதான் பிஸ்டன். பின்னின் விட்டம், பின் நடுவிலிருந்து முடி வரையான உயரம், வால்வ் குழிகளின் இடம் ஆகிய மூன்றும் உங்கள் ரொட்டுக்கும் ஹெட்டுக்கும் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். அந்த உயரம் அரை மில்லிமீற்றர் மாறினால் மேற்சொன்ன கணக்கு முழுவதும் மாறும். டேர்போ இல்லாமல் அன்றாடம் ஓடும் வாகனத்துக்கு நல்ல வார்ப்புப் பிஸ்டன் போதும். அதைவிட வலு வேண்டுமென்றால், ஏறத்தாழ 12 சதவீதம் சிலிக்கன் கொண்ட 4032 கலப்புலோகத்தில் அடித்துச் செய்த பிஸ்டனை எடுக்கலாம்; அது வெப்பத்தில் குறைவாக விரிவதால் போர் இடைவெளியையும் குறைவாக வைக்கலாம். சிலிக்கன் மிகக் குறைந்த 2618 வகை டேர்போவுக்கும் பந்தயத்துக்கும் உரியது. கூடுதல் இடைவெளி கேட்கும் அது, குளிர்ந்த எஞ்சினில் சத்தமிடும். கல்முனைக்கும் மட்டக்களப்புக்கும் வேலைக்குப் போய்வரும் காருக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

பிஸ்டன் கைக்கு வந்ததும் நான்கையும் தராசில் நிறுத்து, ஒரு கிராமுக்கு மேல் வேறுபாடு இல்லை என்று உறுதி செய்து, தயாரிப்பாளர் குறிப்பிடும் இடத்தில் மைக்ரோமீற்றரால் அளந்து எண்ணிட்டு லேத்துக்குக் கொடுங்கள். ஒவ்வொரு சிலிண்டரையும் அதற்குரிய பிஸ்டனின் அளவுடன், பிஸ்டனுடன் வந்த தாளில் எழுதிய இடைவெளியைக் கூட்டியே போர் அடிக்கச் சொல்ல வேண்டும். மேல் ரிங்கைப் போரினுள் நேராக இறக்கி ஃபீலர் கேஜால் ரிங்கின் இரு முனைகளுக்கும் இடையிலான வாய் இடைவெளியைப் பாருங்கள். போர் விட்டத்தை 0.004ஆல் பெருக்க வரும் அளவு, இங்கே 0.33 மில்லிமீற்றர், டேர்போ இல்லாத வீதி ஓட்டத்துக்குப் பொருந்தும். இறுதியாக, பிஸ்டன் முடியில் மென்களி வைத்து, பழைய கேஸ்கட்டுடன் ஹெட்டைப் பூட்டி, டைமிங் பெல்ட்டையும் மாட்டிக் கையால் இரு சுற்றுச் சுற்றிக் கழற்றுங்கள். களியை வெட்டி, மிக மெலிந்த இடத்தை அளந்து, பழைய கேஸ்கட் புதியதைவிடத் தடிப்பானது என்றால் அந்த வித்தியாசத்தைக் கழித்த பிறகு, இன்லெட் பக்கம் 2 மில்லிமீற்றரும் எக்ஸோஸ்ட் பக்கம் 2.5 மில்லிமீற்றரும் எஞ்சினால் மட்டுமே புதிய கேஸ்கட்டைப் போட்டு ஹெட்டை இறுக்குங்கள்.