கறுத்த வெள்ளிக் கொலுசை உரசாமல் வெளுப்பது எப்படி?

கொலுசு கறுத்ததும் பலரும் தேடுவது பற்பசையும் பழைய பிரஷும்தான். நானும் அப்படித்தான் தேய்த்துக்கொண்டிருந்தேன். அம்மாவின் கல்யாணக் கொலுசில் இருந்த பூ வேலை மழுங்கிப்போனதைப் பார்த்த பிறகு நிறுத்திவிட்டேன்.

காற்றில் கலந்திருக்கும் கந்தக வாயு வெள்ளியோடு சேர்ந்து வெள்ளி சல்பைடு ஆகிறது. அதுதான் அந்தக் கறுப்பு. வெளியிலிருந்து வந்து ஒட்டிய அழுக்கு அல்ல, உங்கள் வெள்ளியின் மேல்பரப்பேதான் நிறம் மாறியிருக்கிறது. உரசினால் கறுப்போடு வெள்ளியும் போகும். கறுப்பிலிருந்து கந்தகத்தை மட்டும் பிரித்துவிட்டால் வெள்ளி அங்கேயே தங்கிவிடும். கீழே உள்ள முறை அதைத்தான் செய்கிறது.

1. முதலில் உலோகத்தைப் பாருங்கள்

கொக்கிக்குப் பக்கத்தில் 925 என்று முத்திரை இருந்தால் அதில் 92.5 சதவீதம் வெள்ளி, மீதி பெரும்பாலும் செம்பு. சுத்த வெள்ளி மிருதுவானது, சுலபமாக வளைந்துவிடும். அதனால்தான் செம்பு சேர்க்கிறார்கள். முத்திரை இல்லாத கைவேலைக் கொலுசுகளும் நிறைய விற்கின்றன. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வாங்கினாலும் சரி, உங்கள் ஊர்க் கடையில் வாங்கினாலும் சரி, வெள்ளி எத்தனை சதவீதம் என்று கேட்டு பில்லில் எழுதி வாங்குங்கள்.

ஜெர்மன் சில்வரில் பெயரில் மட்டும்தான் வெள்ளி. அது செம்பு, நிக்கல், துத்தநாகம் கலந்தது. நிக்கல் சிலருக்குத் தோலில் அரிப்பைக் கொடுக்கும். இந்த முறை அதற்கு உதவாது.

ஆக்சிடைஸ்டு நகையில் கறுப்பு வேண்டுமென்றே ஏற்றப்பட்டது. அதற்கு 3-ஆம் படியைச் செய்தால் வேலைப்பாட்டின் அழகே போய்விடும். கல், முத்து, எனாமல் பதித்த நகைகளுக்கும் அந்தப் படி வேண்டாம்.

2. எண்ணெய்ப் பிசுக்கை எடுங்கள்

நாலைந்து பூந்திக்கொட்டையின் தோலை வெந்நீரில் அரை மணி நேரம் ஊறவைத்துப் பிசைந்தால் நுரை வரும். அதில் கொலுசைப் பத்து நிமிடம் போட்டு, குழந்தைகளின் மென்மையான பிரஷால் கண்ணி இடுக்குகளில் மெல்லத் தடவுங்கள். அழுத்த வேண்டாம். பிறகு நன்றாகக் கழுவுங்கள். கறுப்பு லேசாக இருந்தால் பல நேரம் இதுவே போதும்.

3. அலுமினியத் தாள், ஆப்ப சோடா

ஒரு பீங்கான் கிண்ணத்தின் உள்ளே அலுமினியத் தாளை விரித்து, கொலுசை அதன்மேல் வையுங்கள். கொலுசு தாளைத் தொட்டுக்கொண்டிருப்பது முக்கியம், தொடாவிட்டால் வேலை நடக்காது. ஒரு மேசைக்கரண்டி ஆப்ப சோடாவும் ஒரு தேக்கரண்டி உப்பும் தூவி, கொலுசு மூழ்கும் அளவுக்குக் கொதிக்கும் நீரை மெதுவாக ஊற்றுங்கள். பொங்கும், கவனம்.

கொஞ்ச நேரத்தில் அழுகிய முட்டை வாடை வரலாம். பயப்பட வேண்டாம், வெள்ளியை விட்டுக் கந்தகம் பிரிவதன் அறிகுறி அது. ஜன்னலைத் திறந்து வையுங்கள். ஐந்து நிமிடம் கழித்துத் திருப்பிப் போடுங்கள். கறுப்பு மீதமிருந்தால் புதுத் தாளும் புது வெந்நீரும் வைத்து இன்னொரு முறை செய்யலாம்.

4. ஈரம் போகட்டும்

அவசரப்படக் கூடாத இடம் இதுதான். சலங்கை மணிகளுக்குள் தண்ணீர் நின்றுவிடும். நன்றாக உதறி, பருத்தித் துணியில் ஒற்றி, மின்விசிறிக் காற்றில் சில மணி நேரம் விடுங்கள்.

அப்புறம் ஜிப் கவரில் தனியாகப் போட்டு, காற்றை அழுத்தி வெளியேற்றி மூடுங்கள். ரப்பர் பேண்ட் மட்டும் சுற்றவே கூடாது. ரப்பரில் கந்தகம் இருக்கிறது, சுற்றிய இடத்தில் கறுப்புக் கோடு விழும்.

மற்ற உலோகங்கள்

செம்பு, பித்தளை நகைகளுக்குப் புளியோ எலுமிச்சையோ போதும், உடனே கழுவித் துடைத்துவிட வேண்டும். செம்பு மோதிரத்தால் விரல் பச்சையானால் சோப்புப் போட்டுக் கழுவினால் போய்விடும்.

கவரிங் நகைக்கு மேலே சொன்ன எதுவுமே ஆகாது. செம்பு அல்லது பித்தளை மேல் மிக மெல்லிய தங்கப் பூச்சுதான் அது. புளி பட்டாலும் சோடா பட்டாலும் பூச்சு கெடும். பவுடர், சென்ட் எல்லாம் போட்ட பிறகு கடைசியாக அணியுங்கள். கழற்றியதும் வியர்வையை உலர்ந்த துணியால் துடைத்து வையுங்கள்.