புதிய கோச், இளம் கூடைப்பந்து அணி: முதல் வருடத்தில் எதைக் கேட்கலாம், எதை எண்ணலாம்

இலங்கை மலையகத்தில், ஹட்டனிலோ பண்டாரவளையிலோ ஒரு பாடசாலை அணிக்குப் புதிய கோச் வந்தால், முதல் வாரமே ஒரு கேள்வி கிளம்பிவிடும்: "இந்த வருசம் கப் வருமா?" அணியில் பாதிப் பேர் தரம் 8, 9 பிள்ளைகளாக இருந்தாலும் கேள்வி மாறாது. கப்பை வைத்து இளம் அணியின் கோச்சை அளக்க முடியாது. நொக்-அவுட் போட்டி என்றால், முதல் சுற்றிலேயே கண்டிப் பக்கத்து பலமான அணியிடம் மாட்டி 40 நிமிட ஆட்டத்தோடு வருடம் முடிந்துபோகலாம். அதில் கோச் நல்லவரா, இல்லையா என்று யாருக்கும் தெரியாது.

பெற்றோரும் பழைய மாணவரும் வேறு சிலவற்றைப் பார்க்கலாம். அதற்கு ஒரு கொப்பி, ஒரு பேனா, ஒரு அளவு நாடா, நேரம் பார்க்க ஒரு போன் இருந்தால் போதும்.

முதல் கூட்டம்

கோச் வந்து இரண்டு வாரத்துக்குள், பொறுப்பாசிரியர் மூலமாக ஒரு அரைமணி நேரக் கூட்டம் வையுங்கள். தோட்டத்தில் வேலை செய்கிற பெற்றோர் வரவேண்டுமென்றால் ஞாயிற்றுக்கிழமை காலைதான் தோது. வார நாளில் வைத்தால் டவுனில் இருப்பவர்கள் மட்டும் வருவார்கள். தோட்டத்தின் மேல் டிவிஷன் (மலையின் மேல் பிரிவு) பிள்ளைகளின் வீட்டுக்கு எதுவும் போய்ச் சேராது. அந்தப் பிள்ளைகள்தான் முதலில் அணியை விட்டு நிற்பார்கள்.

கேட்க வேண்டியவை அதிகமில்லை. பயிற்சி எந்த நாட்களில், எத்தனை மணிக்கு முடியும்? மேட்சில் இறங்கும் பிள்ளைகளை எதை வைத்துத் தெரிவு செய்வார்? தரம் 11 பிள்ளைகள் சாதாரண தரப் பரீட்சைக்காக எப்போது நிற்பார்கள், அவர்கள் இடத்துக்கு யாரைத் தயார் செய்கிறார்? பதில்களை ஒரு தாளில் எழுதிக் கோச்சிடமும் ஒரு பிரதி கொடுங்கள். "எத்தனை மேட்ச் வெல்வீர்கள் சேர்?" என்பதை மட்டும் கேட்க வேண்டாம். கேட்டால் அவரும் ஏதாவது ஒரு எண்ணைச் சொல்லிவிடுவார், பிறகு அந்த எண்ணைக் காப்பாற்றவே பெரிய பிள்ளைகள் ஐந்து பேரை மட்டும் ஆடவைப்பார்.

முடியும் நேரத்தை இலேசாக எடுக்காதீர்கள். பாடசாலை 1.30க்கு விட்டால் பயிற்சி 2 மணிக்குத் தொடங்கி 4 மணிக்கு முடிவது நல்லது. மழைக்காலத்தில் நாலரைக்கே பனிமூட்டம் இறங்கி ரிங் மங்கிவிடும். பஸ்ஸைத் தவறவிட்ட பிள்ளை லயத்துக்கு (தோட்ட வரிசை வீட்டுக்கு) இருட்டில் ஏறிப் போக வேண்டியிருந்தால், அடுத்த வாரம் வீட்டில் அனுப்ப மாட்டார்கள். ஆறு பேர் பயிற்சிக்கு வரவில்லை என்று கோச்சைக் குறை சொல்லுமுன் பஸ் நேரத்தைப் பாருங்கள்.

கோர்ட்டை அளந்து பாருங்கள்

இது ரசிகர்களின் வேலை. ரிங்கின் மேல் விளிம்பு தரையிலிருந்து 3.05 மீற்றர் இருக்க வேண்டும். பழைய கோர்ட்டுக்கு மேலே திரும்ப சீமெந்து போட்டிருந்தால் தரை உயர்ந்து ரிங் தாழ்ந்திருக்கும். இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள். ஃப்ரீ த்ரோ (எதிரணியின் பிழைக்குக் கிடைக்கும் தடையில்லாத ஷூட்) கோடு, ரிங் மாட்டிய பலகையின் முகத்திலிருந்து 4.6 மீற்றர்.

அதைவிட அடிக்கடி பிழைப்பது மூன்று புள்ளிக் கோடு. 2010இல் அது 6.25 மீற்றரிலிருந்து 6.75 மீற்றருக்குத் தள்ளிப் போனது, ரிங்கின் கீழே இருந்த சரிவகக் கட்டமும் செவ்வகமானது. கால் விரித்தது போன்ற அந்தப் பழைய கட்டம் உங்கள் கோர்ட்டில் இன்னும் தெரிந்தால், மூன்று புள்ளிக் கோடும் பழையதாகத்தான் இருக்கும். அங்கே பழகிய பிள்ளை வெளியூர்க் கோர்ட்டில் அரை மீற்றர் பின்னால் நின்று எறிகிறது, பந்து ரிங்கின் முன் விளிம்பில் பட்டுத் திரும்புகிறது. பார்ப்பவர்கள் "கோச் ஷூட்டிங் சொல்லிக்கொடுக்கல" என்பார்கள். ஒரு டின் பெயின்ட்டும் ஒரு சனிக்கிழமையும் அதைச் சரிசெய்யும்.

பாசியும் ஒரு பிரச்சினை. தென்மேற்குப் பருவமழையில் ஹட்டன், நுவரெலியா பக்கமும், வடகீழ்ப் பருவமழையில் பதுளைப் பக்கமும் சீமெந்துத் தரை வழுக்கும். மதில் நிழல் விழும் ஓரம்தான் மோசம். பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றி, கால் மணி நேரம் விட்டு, கம்பித் தூரிகையால் தேய்த்து, நன்றாகக் கழுவிவிடுங்கள். தூள் மிச்சம் நின்றால் அதுவே வழுக்கும்.

பயிற்சியைப் பார்க்கும் விதம்

வருடத்தில் இரண்டு மூன்று தடவை, வேலிக்கு வெளியே நின்று, பேசாமல் பாருங்கள். ஒரே ஒரு பிள்ளையைத் தெரிவு செய்து, பத்து நிமிடத்தில் அந்தப் பிள்ளையின் கையில் எத்தனை தடவை பந்து வந்தது என்று எண்ணுங்கள்.

கணக்கு இப்படி: 15 பிள்ளைகள் ஒரே வரிசையில் நின்று லே-அப் (ஓடிவந்து ரிங்கின் கிட்ட இருந்து எடுக்கும் ஷூட்) போடுகிறார்கள், ஒருவருக்கு ஐந்து செக்கன் என்றால், ஒரு பிள்ளைக்கு 75 செக்கனுக்கு ஒரு முறைதான் சந்தர்ப்பம். பத்து நிமிடத்தில் எட்டு ஷூட். அதே 15 பேரை ஐந்து ஐந்தாகப் பிரித்து, இரண்டு குழு ஆளுக்கொரு ரிங்கிலும் மூன்றாவது குழு நடுவில் டிரிபிளிங்கிலும் (பந்தைத் தரையில் தட்டிக்கொண்டு ஓடுவது) மாறி மாறி நின்றால், ரிங்கில் நிற்கும் குழுவில் 25 செக்கனுக்கு ஒரு முறை வரும். ரிங்கில் நிற்கும் பத்து நிமிடத்தில் 24 ஷூட். பிள்ளைகளும் ரிங்குகளும் அவைதான், பயிற்சி மட்டும் மூன்று மடங்கு. நீண்ட வரிசை, நீண்ட பேச்சு, தண்டனையாக கிரவுண்டைச் சுற்றி ஓட்டம் இவை மூன்றும் பல மாதம் தொடர்ந்தால் கவலைப்படலாம். ஆனால் பந்து நாலுதான் இருக்கிறதென்றால் கோச்சும் என்ன செய்வார்? அந்த நேரத்தில் பழைய மாணவர் சங்கம் ஜெர்சியை விட்டுவிட்டு பந்து வாங்கிக் கொடுக்கட்டும்: பையன்களுக்கு 7ஆம் நம்பர், பெண் பிள்ளைகளுக்கு 6ஆம் நம்பர், 12 வயதுக்குக் கீழே 5ஆம் நம்பர்.

கொப்பி

ஸ்கோரைத் தவிர வேறு ஐந்து விஷயங்களை ஒவ்வொரு மேட்சிலும் எழுத வேண்டும். இரண்டு பேர் தேவை. ஒருவர் ஆட்டத்தை விட்டுக் கண்ணெடுக்காமல் வாயால் சொல்ல, மற்றவர் எழுத வேண்டும். ஒரே ஆள் இரண்டையும் செய்தால், குனிந்து எழுதும் நேரத்தில் அடுத்த பந்து போய்விடும்.

ஒரு பக்கத்தை நாலு வரியாகப் பிரியுங்கள், ஒரு கால்பகுதிக்கு ஒரு வரி. ஒவ்வொரு வரியிலும் ஐந்து கட்டம்: கிட்ட இருந்து எடுத்த ஷூட், தூர இருந்து எடுத்த ஷூட், ஃப்ரீ த்ரோ, எதிரணி ரிங்கின் கீழே நம் பிள்ளைகள் திரும்பப் பிடித்த ரீபவுண்ட் (உள்ளே விழாமல் தெறித்த பந்து), டேர்ன்ஓவர் (ஷூட் எடுக்காமலேயே பந்து எதிரணிக்குப் போவது). ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு, உள்ளே விழுந்தால் கோட்டைச் சுற்றி வட்டம். டேர்ன்ஓவருக்கு மட்டும் கோட்டுக்குப் பதில் எழுத்து போடுங்கள்: பாஸ் பிழைத்தால் 'ப', டிரிபிளில் பறிபோனால் 'டி', கால் பிழை (பந்தைத் தட்டாமல் கூடுதல் அடி வைக்கும் 'டிராவல்') என்றால் 'கா', நேரம் கடத்துவதைத் தடுக்கும் 3, 5, 8, 24 செக்கன் விதிகளில் மாட்டினால் 'செ'.

மேட்ச் முடிந்ததும் ஒரு கூட்டல்: மொத்த ஷூட், டேர்ன்ஓவர், ஃப்ரீ த்ரோவில் பாதி மூன்றையும் கூட்டி, திரும்பப் பிடித்த ரீபவுண்டைக் கழியுங்கள். நம் பக்கம் பந்து எத்தனை தடவை வந்தது என்பது அண்ணளவாகக் கிடைக்கும். ஒரு மேட்சில் 48 ஷூட், 30 டேர்ன்ஓவர், 12 ஃப்ரீ த்ரோ, 10 ரீபவுண்ட் என்று வைத்துக்கொள்வோம். 48, 30, 6 கூட்டினால் 84, பத்தைக் கழித்தால் 74. அந்த 74இல் 30 தடவை ஷூட் எடுக்காமலேயே பந்து போயிருக்கிறது, அதாவது நூற்றுக்கு 40. ஸ்கோர் 38–61, தோல்வி.

மூன்றாம் தவணையில் அதே எதிரணியிடம் 44–59 என்று தோற்கிறார்கள். வீதியில் நிற்பவர்கள் "திரும்பவும் தோல்விதானே" என்பார்கள். கொப்பியில் 56 ஷூட், 20 டேர்ன்ஓவர், 10 ஃப்ரீ த்ரோ, 9 ரீபவுண்ட் இருக்கும். கூட்டிக் கழித்தால் 72இல் 20, நூற்றுக்கு 28. இந்தக் கோச் வேலை செய்திருக்கிறார்.

எழுத்துகளையும் பாருங்கள். முதல் தவணையில் 'ப' நிறைய வரும், பயப்பட வேண்டாம். ஒரே பையன் பந்தைக் கொண்டுபோய்ப் போடும் ஆட்டத்தை விட்டு எல்லோரும் பாஸ் பண்ணப் பழகும்போது, பாஸ் பிழைப்பது கூடத்தான் செய்யும். நின்ற இடத்தில் நின்று கைநீட்டும் ஆளுக்குப் பாஸ் போவதால்தான் பாதி பறிபோகிறது, பந்தை நோக்கி ஓடிவந்து வாங்கப் பழகியதும் குறையும். இரண்டு தவணைக்குப் பிறகும் 'கா' குறையவில்லை என்றால் கால் பயிற்சியே நடக்கவில்லை என்று அர்த்தம். 'செ'யில் 8 செக்கன் பிழை (அந்த நேரத்துக்குள் பந்தை நடுக்கோட்டைத் தாண்டிக் கொண்டுபோகாதது) குவிந்தால், எதிரணி முழுக் கோர்ட்டில் நெருக்கும்போது பந்தை மேலே கொண்டுபோக அணிக்கு வழி தெரியவில்லை.

பின்பக்கத்தில் இன்னும் இரண்டு குறிப்பு. இடது பக்க லே-அப்பை எத்தனை பேர் இடது கையால் போட்டார்கள். ஒவ்வொரு கால்பகுதியிலும் யார் யார் இறங்கினார்கள். பந்து உள்ளே விழாவிட்டாலும் இடது கையை எண்ணுங்கள். 13 வயதில் இடது கையால் தவறவிடும் பிள்ளை 16 வயதில் இரண்டு பக்கமும் போகும்.

சோன் ஆட்டத்தை (ஆளைப் பிடிக்காமல் ஆளுக்கொரு இடத்தைக் காக்கும் தடுப்பு) பற்றி ரசிகர்களோடு சண்டை பிடிக்க நாங்கள் தயார். 2–3 சோன் (முன்னால் இருவர், பின்னால் மூவர்) போட்டு ரிங்கைச் சுற்றி ஐந்து பேரையும் நிறுத்தினால் சின்ன வயது மேட்சுகளை வெல்லலாம், ஏனென்றால் எதிரணிப் பிள்ளைகளுக்கும் தூர இருந்து எறியப் பலம் இல்லை. அதனால்தான் பல நாடுகளில் சிறுவர் போட்டிகளில் சோனைத் தடுத்திருக்கிறார்கள். மேன்-டு-மேன் (ஆளுக்கு ஒருவரைப் பிடிக்கும் தடுப்பு) சொல்லிக்கொடுக்கிற கோச்சின் அணி முதல் சில மாதம் எதிரணியிடம் சும்மா சும்மா லே-அப் வாங்கும். அது கற்பதற்கான விலை. உயரமான பிள்ளையும் அப்படித்தான்: 13 வயதில் வளர்ந்து நிற்பவனை ரிங்கின் கீழேயே நட்டுவைக்காமல் டிரிபிளும் பழக்கினால், உயரம் அதோடு நின்றுபோனாலும் அவனுக்கு ஆட்டம் இருக்கும்.

ஓரத்தில் நின்று கத்துவது

பெயர் சொல்லி உற்சாகப்படுத்துங்கள், கைதட்டுங்கள். "ஷூட் பண்ணு", "பாஸ் பண்ணு" என்று ஓரத்திலிருந்து சொல்ல வேண்டாம். கோச் ஒன்று சொல்ல, அப்பா வேறொன்று சொல்ல, பிள்ளை பந்தோடு நின்றுவிடும். 5 செக்கன் விதியில் மாட்டும்.

பழைய மாணவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். 2000க்கு முன் ஆடியவர்கள் 20 நிமிடப் பாதி இரண்டும், ஷூட் எடுக்க 30 செக்கன் கடிகாரமும் பழகியவர்கள், இப்போது 10 நிமிடமாக நாலு, 24 செக்கன். ஓடிக்கொண்டே பந்தைச் சேர்த்துப் பிடித்த பிறகு இரண்டு அடி வைக்கலாம் என்று 2017இல் விதியும் மாறியது. நடுவரைப் பார்த்து "டிராவல்!" என்று கத்துமுன் அதை நினைத்துக்கொள்ளுங்கள்.

மகனை இறக்கவில்லை என்று வருத்தம் இருந்தால் அன்றைக்கே கோச்சிடம் போகாதீர்கள், ஒரு நாள் போகட்டும். "ஏன் சேர் இறக்கல?" என்பதை விட, "சேர், மகன் எதில தேறினா கூட நேரம் கிடைக்கும்?" என்று கேட்டால் பதில் வரும். கோச் வயதில் இளையவர் என்பதற்காகப் பிள்ளைகள் முன்னால் "தம்பி" என்று கூப்பிட வேண்டாம்.

கீழே இறங்கி ஆடும்போது

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,870 மீற்றர். அங்கே காற்றடித்த பந்து கொழும்புக்கு இறங்கினால் தளரும், ஏனென்றால் கீழே வெளிக்காற்றின் அழுத்தம் கூட. வால்வின் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் அளவுக்கு மேட்ச் ஊரில் திரும்ப அடியுங்கள். பம்பையும் ஊசியையும் பையில் போட மறக்க வேண்டாம்.

பிள்ளைகளுக்கு உயரத்தை விட வெக்கைதான் எதிரி. குளிரில் பழகிய உடம்பு வெக்கைக்குப் பழக ஒரு வாரமோ இரண்டு வாரமோ வேண்டும், யாருக்கும் அவ்வளவு நாள் கிடைக்காது. மூன்றாம் கால்பகுதியில் கால் ஓயும். அந்த மேட்சில் கோச் அடிக்கடி ஆளை மாற்றினால் குழம்பிவிட்டார் என்று நினைக்காதீர்கள், அதுதான் சரி. காலையில் வேனில் ஏற்றும்போதே தண்ணீர் குடிக்கக் கொடுங்கள். வளைவுப் பாதையில் வாந்தி எடுக்கும் பிள்ளைகளுக்கு வயிறு நிறைய ரொட்டி கொடுத்து ஏற்ற வேண்டாம், வாழைப்பழம் போதும், இறங்கிய பிறகு சாப்பிடலாம்.

எப்போது முறையிடலாம்

தோல்விக்காக ஒரு வருடம் முறையிட வேண்டாம். கீழே உள்ளவற்றுக்கு ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம்: பிள்ளையை அடிப்பது, பயிற்சியில் தண்ணீர் குடிக்க விடாமல் வைப்பது, கணுக்கால் வீங்கிய பிள்ளையைத் திரும்ப இறக்குவது, பெண் பிள்ளைகளை டீச்சர் ஒருவர் இல்லாமல் வெளியூர் கூட்டிப்போவது. வளரும் வயதில் முழங்கால் சில்லுக்குக் கீழே வலிக்கிறது, படி இறங்கக் கஷ்டம் என்று பிள்ளை சொன்னால், குதிக்கும் பயிற்சியைக் குறைக்கச் சொல்லி டொக்டரிடம் காட்டுங்கள். சீமெந்துத் தரையில் அது சீக்கிரம் முற்றும்.

ஆட்டம் பற்றிய முறைப்பாடு என்றால் மூன்று தவணை எழுதிய கொப்பியோடு போங்கள். முதலில் பொறுப்பாசிரியர், பிறகு அதிபர். டேர்ன்ஓவர் குறையவில்லை, இறங்கும் ஆட்களும் அதே ஐந்து பேர், தரம் 8 பிள்ளைகள் ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள் என்று மூன்றும் சேர்ந்து இருந்தால், அந்தப் பக்கங்களைப் போட்டோப் பிரதி எடுத்து கடிதத்தோடு இணையுங்கள். மூன்றில் ஒன்று மட்டும்தான் என்றால், அதைப் பற்றிக் கோச்சிடமே நேரில் கேளுங்கள்.