கரையோர ரயில் நிற்கும் நாளில் கொழும்புக் கோட்டைக்குப் போய்ச் சேர்வது எப்படி

கொழும்பின் தெற்கே, வெள்ளவத்தையில் நின்று பார்த்தாலே சிக்கல் விளங்கும். தண்டவாளம், மரைன் டிரைவ், காலி வீதி மூன்றும் கடலை ஒட்டி, ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக வடக்குத் தெற்காக ஓடுகின்றன. ரயில் நின்றால் அந்தச் சனம் முழுவதும் காலி வீதியால் போகும் 100, 101 பஸ்களில் தொங்கும். காலி வீதி இறுகினால் கார்கள் எல்லாம் மரைன் டிரைவுக்கு இறங்கும். மூன்றில் ஒன்று விழுந்தால் மற்ற இரண்டும் கூடவே திணறும் என்று வைத்துக்கொள்ளுங்கள். தப்பும் வழி, கோட்டை இருக்கும் வடக்கே இல்லை, கிழக்கே இருக்கிறது.

முதலில், என்ன காரணத்தால் நின்றது என்று அறிய வேண்டும். காரணத்தைப் பொறுத்துத்தான் மாற்று வழி.

பணிப்பகிஷ்கரிப்பு என்றால் பெரும்பாலும் நள்ளிரவில் தொடங்கும்; முதல்நாள் இரவுச் செய்தியில் தெரிந்துவிடும். சாரதிகள், காப்பாளர்கள், நிலைய அதிபர்கள், கட்டுப்பாட்டாளர்கள் எல்லாருக்கும் தனித்தனித் தொழிற்சங்கம். ஒரு தரப்பு மட்டும் இறங்கினாலும் அட்டவணை குலையும். ‘சட்டப்படி வேலை’ (விதியில் உள்ளதை மட்டும் செய்யும் போராட்டம்) என்று அறிவித்தால் ரயில் ஓடும், ஆனால் எது ஓடும் என்று யாராலும் சொல்ல முடியாது. முழு வேலைநிறுத்தத்தைவிட இதுதான் மோசம், ஏனென்றால் நம்பிப் போய் நிற்க வைக்கும். இத்தகைய நாள்களில் ரயில் சீசன் டிக்கெட்டைக் காட்டி இ.போ.ச. (இலங்கைப் போக்குவரத்துச் சபை) பஸ்ஸில் போகலாம் என்று அறிவிப்பு வருவது வழக்கம். வந்ததா என்று பார்த்துவிட்டு ஏறுங்கள். தனியார் பஸ்ஸில் அது செல்லாது.

திடீர்த் தடை வேறு மாதிரி. மருதானைக்கும் கோட்டைக்கும் இடைப்பட்ட துண்டுதான் முழு வலையமைப்பின் தொண்டை. பிரதான பாதை, புத்தளம் பாதை, களனிவெளிப் பாதை, கரையோரப் பாதை எல்லாம் அங்கே வந்து கூடுகின்றன. அங்கே ஒரு பெட்டி தடம்புரண்டாலோ சமிக்ஞை பழுதானாலோ எல்லாப் பக்கமும் நிற்கும். மாறாக, தடை கல்கிசை, மொறட்டுவைப் பக்கம் இருந்தால் அதற்கு வடக்கே சில ரயில்கள் ஓடக்கூடும். ஆகவே ‘ரயில் இல்லையாம்’ என்பதோடு நிற்காமல், எந்த இடத்தில் என்று கேளுங்கள். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றில் கடல் கொந்தளிக்கும்போது அலை தண்டவாளம் வரை வரும், ரயில்கள் மெதுவாக்கப்படும். உப்புக்காற்று இரும்பைத் தின்பது வருடம் முழுவதும் நடப்பது.

நிலைய அறிவிப்பு பல நேரம் சிங்களத்தில் மட்டும் தெளிவாகக் கேட்கும். நான்கு சொல் போதும்: ‘அவலங்குய்’ என்றால் இரத்து, ‘வர்ஜனய’ என்றால் வேலைநிறுத்தம், ‘பீலி பெனலா’ என்றால் தடம்புரண்டுவிட்டது. ‘பிரமாதய்’ என்று கேட்டு மகிழவேண்டாம். தாமதம் என்று அர்த்தம்.

அட்டவணைப்படி இரண்டு ரயில் தொடர்ந்து வராவிட்டால் மேடையை விட்டு வெளியேறுங்கள். மூன்றாவது வந்தாலும் மூன்று ரயிலின் கூட்டம் அதில் இருக்கும். வெள்ளவத்தையில் கதவில் கால் வைக்க இடம் கிடையாது. வெளியே வந்தவுடன் காலி வீதித் தரிப்பிடத்தில் நிற்பதுதான் எல்லாரும் செய்யும் பிழை. பாணந்துறையிலிருந்தும் மொறட்டுவையிலிருந்தும் வரும் பஸ்கள் தெஹிவளையைத் தாண்டும்போதே நிரம்பிவிடும்.

அதற்குப் பதிலாக டபிள்யூ. ஏ. சில்வா மாவத்தையில் கிழக்கே நடந்து ஹெவ்லொக் வீதிக்குப் போங்கள். கால் மணித்தியால நடை. அங்கே ஹைலெவல் வீதியால் வரும் 138, ஹொரணைப் பக்கத்திலிருந்து வரும் 120 இரண்டும் கோட்டையை அடுத்த புறக்கோட்டைக்குப் போகின்றன. அவற்றிலும் நெரிசல் உண்டு, ஆனால் கரையோர ரயிலின் கூட்டம் அங்கே அவ்வளவாக வராது. நாரஹேன்பிட்டிப் பக்கம் வேலையென்றால் வெள்ளவத்தையிலேயே புறப்படும் 141 இருக்கிறது. தொடக்கத்தில் ஏறுவதால் இருக்கையும் கிடைக்கும்.

பொரளைக்கோ மருதானைக்கோ போகிறவர்கள் கோட்டையைத் தொடவே வேண்டாம். 154 பம்பலப்பிட்டியில் காலி வீதியை விட்டுத் திரும்பிப் பொரளைக்குப் போகும். 155 பல்கலைக்கழகப் பக்கமாக மருதானைக்குப் போகும். தெஹிவளையில் இருப்பவர்களுக்கு 176: நுகேகொடை, பொரளை என்று சுற்றிக் கொட்டாஞ்சேனைப் பக்கம் சேரும். சாதாரண நாளில் அதில் நேரே போக யாரும் நினைக்கமாட்டார்கள். ரயில் நின்ற நாளில் அந்தச் சுற்றுவழி ஒரு வரம்.

மழை நாளில் மட்டும் இந்தக் கணக்கு மாறும். தும்முல்லைச் சந்தியிலும் ஆமர் வீதியிலும் தண்ணீர் நிற்கும் பழக்கம் உண்டு. கடும் மழை அரை மணித்தியாலத்துக்கு மேல் கொட்டினால் 138, 120, 154, 155 நான்குமே தும்முல்லைப் பக்கம் சிக்கிக்கொள்ளும். அப்போது காலி வீதியே பரவாயில்லை. பிக்மீ, ஊபர் ஓட்டோக்களும் அந்நேரம் கட்டணத்தை உயர்த்தும். வேறு வழியில்லை என்றால் இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து பிடியுங்கள்.

கையில் 20, 50, 100 ரூபாய்த் தாள்கள் இருக்கட்டும். நெரிசல் பஸ்ஸில் 1000 ரூபாய் நீட்டினால் கொண்டக்டர் ‘இறங்கும்போது வாங்குங்கள்’ என்பார்; இறங்கும்போது அவர் மறுகதவில் நிற்பார். கூடுதல் கட்டணம் கேட்டாலோ டிக்கெட் தராவிட்டாலோ பஸ்ஸின் பதிவிலக்கத்தையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு தேசிய போக்குவரத்து ஆணைக்குழுவின் 1955 தொலைபேசி இலக்கத்துக்குச் சொல்லலாம். பதிவிலக்கம் இல்லாத முறைப்பாட்டால் பயன் இல்லை.

மாலையில் திரும்புவது தனிக் கலை. கோட்டை ரயில் நிலையத்துக்கு முன்னால் நின்று பஸ்ஸை மறிக்க முயலாதீர்கள். அங்கே வரும்போதே அது நிறைந்திருக்கும். ஐந்து நிமிடம் நடந்து புறக்கோட்டையில் புறப்படும் இடத்திலேயே ஏறுங்கள். ரயில் ஓடத் தொடங்கிவிட்டது என்றால் இதே தந்திரம் மருதானையில் செல்லும்: கரையோர ரயில்கள் பல அங்கிருந்துதான் புறப்படுகின்றன. கோட்டையிலிருந்து எதிர்த்திசையில் ஒரு நிலையம் போய் உட்கார்ந்துகொண்டு வரலாம். அதற்குச் சீசன் டிக்கெட்டைக் கோட்டை வரை எடுக்காமல் மருதானை வரை எடுத்திருக்க வேண்டும். ஏறுமுன் எந்தெந்த நிலையத்தில் நிற்கும் என்று பலகையைப் பாருங்கள். கடுகதியில் தவறி ஏறினால் வெள்ளவத்தை யன்னலுக்கு வெளியே ஓடிப்போகும், நீங்கள் மொறட்டுவையில் இறங்கித் திரும்ப வரவேண்டியிருக்கும்.