அல்கீன், அல்கைன்: பெயரிடுவதும் வரைவதும்

கார்பன் சங்கிலியில் இரட்டைப் பிணைப்பு இருந்தால் அல்கீன் (பெயர் ‘ஈன்’ என்று முடியும்); முப்பிணைப்பு இருந்தால் அல்கைன் (‘ஐன்’ என்று முடியும்). ஐந்து கார்பன்களை ஒரே வரிசையில் எழுதுங்கள். இடப்பக்கத்திலிருந்து இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் நடுவே இரட்டைப் பிணைப்பு. நான்காவதிலிருந்து கீழே ஓர் எத்தில் தொகுதியை (இரண்டு கார்பன் கிளை) தொங்கவிடுங்கள். இதற்கு 4-எத்தில்பென்ட்-2-ஈன் என்று பெயர் வைக்கத் தோன்றும். தவறு.

நேர்கோட்டில் இருப்பதெல்லாம் முதன்மைச் சங்கிலி ஆகிவிடாது. இடமுனையில் விரலை வைத்து நகர்த்துங்கள். நான்காவதில் கீழே இறங்கினால் ஆறு கார்பன் வருகிறது. ஆகவே ஹெக்ஸ். வலப்பக்கம் மிஞ்சிய ஒற்றைக் கார்பன்தான் மெத்தில் கிளை.

அடுத்து எண்ணிடுதல். அதிகம் சறுக்குவது இங்கேதான். எத்தில் முனையிலிருந்து எண்ணினால் மெத்தில் 3, இரட்டைப் பிணைப்பு 4. மறுமுனையிலிருந்து எண்ணினால் இரட்டைப் பிணைப்பு 2, மெத்தில் 4. ஒற்றைப் பிணைப்பு மட்டுமே உள்ள அல்கேனில் பழகிய கை கிளைக்குச் சிறிய எண் தரப் பார்க்கும்; இங்கே இரட்டைப் பிணைப்புக்குத்தான் முதல் உரிமை. எனவே 4-மெத்தில்ஹெக்ஸ்-2-ஈன். பிணைப்பு 2, 3 இரண்டையும் தொட்டாலும் சிறிய எண்ணை மட்டும் எழுதினால் போதும்.

இரட்டைப் பிணைப்பு மிக நீண்ட சங்கிலிக்குள் வராவிட்டால்? பள்ளிப் பாடங்களில் பழகிய முறைப்படி, அது இருக்கும் சங்கிலியைத்தான் எடுக்க வேண்டும். வேதிப்பெயர் விதிகளை வகுக்கும் பன்னாட்டு அமைப்பான ஐயுபிஏசியின் 2013 பரிந்துரைகளோ நீளத்துக்கு முதலிடம் தருகின்றன. தேர்வு எழுதுபவர் தம் பாடநூல் சொல்வதையே பின்பற்றலாம்.

இரட்டையும் முப்பிணைப்பும் சேர்ந்து வந்தால், எந்த முனையிலிருந்து எண்ணினால் சிறிய எண்கள் கிடைக்கின்றனவோ அதுவே சரி: ஹெக்ஸ்-4-ஈன்-1-ஐன். இருபுறமும் சமமாக வந்தால் மட்டும் இரட்டைப் பிணைப்புக்குச் சிறிய எண்: பென்ட்-1-ஈன்-4-ஐன்.

இனி வரைதல். 4-மெத்தில்ஹெக்ஸ்-2-ஈனுக்கு ஆறு புள்ளிகள் வரும்படி மேலும் கீழுமாக ஐந்து கோடுகள் போடுங்கள். இரண்டாவது கோட்டை இரட்டிப்பாக்கி, நான்காம் புள்ளியில் ஒரு சிறு கோடு சேருங்கள். ஒன்றைக் கவனியுங்கள்: இப்படி வளைத்து வளைத்து வரைந்தாலே அது ட்ரான்ஸ் வடிவமாகிவிடும், அதாவது இரட்டைப் பிணைப்பின் இருபுறச் சங்கிலிகளும் எதிரெதிர்ப் பக்கம் போகும். சிஸ் கேட்டிருந்தால், இரட்டைப் பிணைப்பின் இருபுறச் சங்கிலிகளும் ஒரே பக்கம் போக வேண்டும்.

அல்கைனில் இந்த வளைவே கூடாது. முப்பிணைப்புக் கார்பனில் கோணம் 180 பாகை. ஹெக்ஸ்-2-ஐனில் முதல் நான்கு கார்பன்களும் ஒரே நேர்கோட்டில் கிடக்கும். மூலை இல்லாததால் எண்ணும்போது கார்பன் தவறிப்போகும். மூன்று கோடுகள் தொடங்கும் இடத்தில் ஒன்று, முடியும் இடத்தில் ஒன்று என்று பென்சிலால் புள்ளி வையுங்கள்.

கடைசியில் ஹைட்ரஜனை எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு கார்பனுக்கும் நான்கு பிணைப்புதான். கோடுகள் போக மீதி ஹைட்ரஜன். நாம் வரைந்த அல்கீனில் 7 கார்பன், 14 ஹைட்ரஜன் வர வேண்டும். 16 வந்தால் இரண்டாவது கோட்டை இரட்டிப்பாக்க மறந்திருக்கிறீர்கள்.