ஆபீஸ் ஆங்கிலத்தில் பிரிபொசிஷன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மெயிலில் ஸ்பெல்லிங் தப்பினால் கணினியே சிவப்புக் கோடு போட்டுக் காட்டிவிடும். 'டு', 'பை', 'இன்' போல ஒரு சொல்லை இன்னொன்றோடு இணைக்கும் சின்னச் சொற்கள்தான் பிரிபொசிஷன். இவற்றில் 'டு' வர வேண்டிய இடத்தில் 'பை' வந்துவிட்டால் பெரும்பாலும் எந்தக் கோடும் வராது. வாக்கியம் இலக்கணப்படி சரியாக இருக்கும், சொல்லும் விஷயம் மட்டும் மாறியிருக்கும். அதனால் எண்ணும் தேதியும் வரும் இடங்களைத்தான் முதலில் சரிபார்க்க வேண்டும் என்பேன்.

ஒரு வாடிக்கையாளருக்கு 5 சதவீதத் தள்ளுபடி கொடுத்து வருகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 'இன்கிரீஸ்ட் டு டென் பர்சென்ட்' என்று எழுதினால் தள்ளுபடி இனி 10 சதவீதம். 'இன்கிரீஸ்ட் பை டென் பர்சென்ட்' என்று எழுதினால் கணக்குப்படி 5.5 சதவீதம்தான். ஆனால் படிக்கிறவர் ஐந்தோடு பத்தைக் கூட்டி 15 என்றும் எடுத்துக்கொள்ளலாம். 'டு' போய்ச் சேர்ந்த அளவைச் சொல்கிறது, 'பை' எவ்வளவு கூடியது என்பதைச் சொல்கிறது. சதவீதமே மாறும்போது பழைய அளவையும் சேர்த்து 'ஃப்ரம் ஃபைவ் டு டென் பர்சென்ட்' என்று எழுதிவிடுங்கள், சந்தேகத்துக்கே இடமிருக்காது. 'இன்கிரீஸ்' பெயர்ச்சொல்லாக வந்தால் 'இன்' எதில் கூடியது என்பதற்கு, 'ஆஃப்' எவ்வளவு என்பதற்கு: 'அன் இன்கிரீஸ் ஆஃப் டென் பர்சென்ட் இன் சேல்ஸ்'.

அடுத்து தேதி. வெள்ளிக்கிழமைக்குள் என்று மனதில் நினைத்துக்கொண்டு 'விதின் ஃப்ரைடே' என்று எழுதுகிறவர்கள் நிறையப் பேர். 'விதின்' கால அளவோடுதான் சேரும்: 'விதின் த்ரீ டேஸ்'. கெடு நாள் என்றால் 'பை ஃப்ரைடே'. இதோடு 'அன்டில்' குழம்பினால் விஷயம் தலைகீழாகிவிடும். 'ஐ வில் பி இன் த ஆபீஸ் பை ஃப்ரைடே' என்றால் வெள்ளிக்கிழமைக்குள் வந்துவிடுவேன். 'அன்டில் ஃப்ரைடே' என்றால் வெள்ளி வரை இருப்பேன், அப்புறம் இருக்க மாட்டேன். கெடு முக்கியமானது என்றால் 'பை 5 பி.எம். ஆன் ஃப்ரைடே' என்று நேரத்தையும் போடுங்கள். எதிராளி வேறு நாட்டில் இருந்தால் யாருடைய நேரம் என்பதையும் எழுதுங்கள்.

'ஐ வில் கால் யூ ஆஃப்டர் டூ டேஸ்' என்பதும் இதே வகைதான். இரண்டு நாள் கழித்து எப்போது வேண்டுமானாலும் என்று அதைப் படிக்க முடியும். இன்றிலிருந்து இரண்டாவது நாள் என்றால் 'இன் டூ டேஸ்', அதற்குள் எப்போதாவது என்றால் 'விதின் டூ டேஸ்'. 'சின்ஸ் த்ரீ இயர்ஸ்' தவறு, 'ஃபார் த்ரீ இயர்ஸ்' சரி. 'சின்ஸ்' வேண்டுமானால் தொடங்கிய புள்ளியைச் சொல்லுங்கள்: 'சின்ஸ் 2021'. 'பிட்வீன்' எழுதினால் இரண்டு தேதிகளுக்கு நடுவில் 'டு' வராது, 'அண்ட்'தான் வரும்.

தேவையில்லாத இடத்தில் ஒட்டிக்கொள்ளும் பிரிபொசிஷன்கள் இன்னொரு வகை. 'டிஸ்கஸ் அபவுட்', 'எம்பசைஸ் ஆன்', 'மென்ஷன் அபவுட்' மூன்றிலும் பின்னால் வருவது வேண்டாம். 'வி ரிக்வெஸ்டட் ஃபார் எ கொட்டேஷன்' என்பதிலும் 'ஃபார்' வேண்டாம். குழப்பம் எங்கிருந்து வருகிறது என்றால், இவற்றில் பலவும் பெயர்ச்சொல்லாக மாறும்போது பிரிபொசிஷன் சேர்வது சரி: 'டிஸ்கஷன் அபவுட்', 'எம்பசிஸ் ஆன்', 'ரிக்வெஸ்ட் ஃபார்'. அதனால் சொல்லைத் தனியாகப் படிக்காமல், அதோடு வரும் பிரிபொசிஷனையும் சேர்த்து ஜோடியாகவே மனதில் ஏற்றிக்கொள்ள வேண்டும். ஒருவரோடு உடன்பட்டால் 'அக்ரீ வித்', ஒரு யோசனைக்குச் சம்மதித்தால் 'அக்ரீ டு', பேசி ஒரு தேதியை முடிவு செய்தால் 'அக்ரீ ஆன்'.

'லுக்கிங் ஃபார்வர்ட் டு மீட் யூ' என்று பல மெயில்கள் முடிகின்றன. 'டு மீட்டிங் யூ' என்பதே சரி. இதைச் சோதிக்க எளிய வழி இருக்கிறது. அந்த 'டு'வுக்குப் பின் ஒரு பெயர்ச்சொல்லை வைத்துப் பாருங்கள். 'லுக்கிங் ஃபார்வர்ட் டு யுவர் ரிப்ளை' பொருந்துகிறது, அப்படியானால் இந்த 'டு' பிரிபொசிஷன். அதற்குப் பின் வினை வந்தால் 'இங்' சேரும். 'கமிட்டட் டு', 'இன் அடிஷன் டு' இரண்டுக்கும் இதே விதி. 'வித் ரிகார்ட்ஸ் டு' என்பதில் கடைசி 'ஸ்' வேண்டாம், ஆனால் பெரும்பாலான இடங்களில் சாதாரண 'அபவுட்' போதும்.

சரியான தொடரைத் தவறான இடத்தில் வைப்பதும் தவறுதான், அதிகம் கவனிக்கப்படாத தவறு. 'வி வில் டிஸ்கஸ் த டிலே இன் த ஷிப்மென்ட் ஆன் மண்டே' என்ற வாக்கியத்தைப் பாருங்கள். திங்கட்கிழமை பேசப் போகிறோமா, திங்கட்கிழமை அனுப்பும் சரக்கின் தாமதத்தைப் பற்றிப் பேசப் போகிறோமா? பேசும் நாள்தான் திங்கள் என்றால் 'ஆன் மண்டே' என்பதை வாக்கியத்தின் தொடக்கத்துக்குக் கொண்டு போங்கள். எழுதியவருக்கு அர்த்தம் முன்பே தெரியும் என்பதால் இந்தக் குழப்பம் அவர் கண்ணில் படுவதில்லை. ஒரு பத்தி எழுதியதும், ஒவ்வொரு தொடரும் எந்தச் சொல்லோடு சேர வேண்டுமோ அதன் பக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்.

'த லிஸ்ட் ஆஃப் பெண்டிங் இன்வாய்சஸ் ஆர் அட்டாச்ட்' என்பதில் இடையில் வந்த பன்மை ஏமாற்றிவிடுகிறது. 'ஆஃப்' தொடரைக் கையால் மறைத்துக்கொண்டு படித்தால் 'லிஸ்ட் இஸ்' என்பது தானே தெரியும்.

வாக்கியத்தைப் பிரிபொசிஷனில் முடிக்கக் கூடாது என்று இன்னும் சிலர் பயப்படுகிறார்கள். அது தேவையில்லாத பயம். 'த பெர்சன் ஐ ஸ்போக் டு' என்று தாராளமாக எழுதலாம். 'டு ஹூம் ஐ ஸ்போக்' என்பதை ஒப்பந்தம் போன்ற முறையான ஆவணங்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.